சஞ்சார் சாத்தி ஆப்: கடலூர்ல யூஸ் பண்ணி பாத்த ரிவியூ

பேங்க் பேர்ல, ஈபி பேர்ல, கொரியர் பேர்லன்னு டுபாக்கூர் மெசேஜ் வராத போனே இப்ப இல்ல. அதனாலதான் மத்திய அரசோட தொலைத்தொடர்பு துறை விட்டிருக்கிற இந்த ஆப்ப பத்தி எழுதுறேன். வெப்சைட் 2023 மே மாசமே வந்துடுச்சு, ஆப் 2025 ஜனவரில. எல்லா புது போன்லயும் இது இருந்தே ஆகணும்னு உத்தரவு போட்டுட்டு, எதிர்ப்பு கெளம்பினதும் 2025 டிசம்பர் 3ஆம் தேதி வாபஸ் வாங்கினாங்களே, அதே ஆப்தான். கட்டாயப்படுத்தினது தப்புதான், ஆனா அந்த கோவத்துல இத ஒதுக்கிடாதீங்க.

இதுல சக்ஷுன்னு ஒரு பகுதி இருக்கு, சந்தேகமான கால், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் மெசேஜ் வந்தா அங்க புகார் பண்ணலாம். புதுப்பாளையத்துல இருக்கிற எங்க சித்திக்கு வந்தத வெச்சு சொல்றேன். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் முந்தைய மாத பில் அப்டேட் ஆகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை தொடர்பு கொள்ளவும்", கீழ ஒரு மொபைல் நம்பர். "டேய், நைட்டு கரண்ட கட் பண்ணிடுவாங்களாம்டா, போன் போடவா"ன்னு சித்தி பதறிட்டாங்க. தானே புயலப்போ நாள்கணக்குல இருட்டுல கெடந்த ஊரு இது, கரண்ட் போயிடும்னா பதறத்தான் செய்வாங்க.

ஆனா அந்த மெசேஜ நிதானமா படிச்சா அதுலயே பொய் இருக்கு. நமக்கு ரீடிங் எடுக்கறது ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, அப்புறம் எங்கேருந்து வந்துச்சு "முந்தைய மாத பில்"? வேற ஏதோ மாநிலத்துக்கு எழுதினத தமிழ்ல மாத்தி அனுப்பியிருக்கானுங்க. அதோட அது வந்தது சாதா பத்து நம்பர் மொபைல்ல இருந்து. பதிவு பண்ண நிறுவனம் அனுப்புற எஸ்எம்எஸ்ல அனுப்புனவங்க பேருக்கு பின்னாடி எஸ், டி, ஜி, பின்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், பி இருந்தா வெறும் விளம்பரம், ஜி இருந்தா அரசாங்கம். அந்த நம்பருக்கு போன் போட்டிருந்தா பத்து ரூபா கட்டுங்க, இந்த ஏபிகே ஃபைல (ப்ளே ஸ்டோர்ல இல்லாம நேரா ஆப் ஏத்துற ஃபைல்) போடுங்கன்னு ஆரம்பிச்சு ஓடிபி வரைக்கும் உருவியிருப்பானுங்க.

சக்ஷுல புகார் போடறது சுலபம், ஸ்கிரீன்ஷாட், வந்த தேதி, நேரம், நம்ம நம்பருக்கு ஒரு ஓடிபி, அவ்ளோதான். கரண்ட், கேஸ், இன்சூரன்ஸ் பேர்ல வர்றதுக்குன்னே தனி வகை வெச்சிருக்காங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது இன்னொன்னு, பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனிங்களோட உண்மையான கஸ்டமர் கேர் நம்பர பாக்குற வசதி. கூகுள்ல தேடி மொதல்ல வர்ற நம்பருக்கு அடிக்கிற பழக்கத்த இது நிறுத்தும், ஏன்னா அங்கதான் திருட்டுப்பசங்க அவனுங்க நம்பர ஏத்தி வெச்சிருக்கானுங்க. குறைன்னா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கொரியருக்கு இதுல வழி இல்ல. மெஷின் ஸ்டிக்கர்லயோ வாரண்டி கார்டுலயோ இருக்கிற நம்பர்தான் நம்பர். ஈபிக்குன்னா அவங்க புகார் மையமான மின்னகம் 94987 94987, சித்தி போன்ல சேவ் பண்ணி குடுத்துட்டேன்.

ஆப் கேக்குற பர்மிஷன் பிடிக்கலன்னா அதே வேலைய வெப்சைட்லயே பண்ணலாம், நான் பாதி நேரம் அப்படித்தான் பண்றேன்.

முக்கியமா, பணம் போயிடுச்சுன்னா சக்ஷுல உக்காந்து ஃபார்ம் நிரப்பாதீங்க, அது அதுக்கில்ல, அவங்களே அத தெளிவா போட்டிருக்காங்க. நேரா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, பேங்க் பேரு, டிரான்சாக்‌ஷன் நம்பர், எத்தன மணிக்கு போச்சுன்னு கையில வெச்சுக்கிட்டு அடிங்க, பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு தாவறதுக்குள்ள சொன்னாதான் நிறுத்தி வெக்க முடியும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன்.