பெட்டி ஆலையுடையது, தோட்டா யாருடையது? ஏற்காட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சேலம் மாவட்டத்தில், குறிப்பாக ஏற்காட்டு மலையில், காப்பித் தோட்டம் வைத்துக்கொண்டு பயிர்ப் பாதுகாப்புக்காகப் பன்னிரண்டு போர் (12 bore என்னும் குழல் அளவுள்ள) துப்பாக்கிக்கு உரிமம் பெற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். துப்பாக்கி உரிமம் உள்ள ஒரு தனியாரிடமிருந்து, சட்டம் சொல்லும் முறைப்படி எழுத்து மூலம் அறிவித்துவிட்டு, ஆலைப் பெட்டியோடு நாங்கள் வாங்கிய தோட்டாக்கள், ஏற்கெனவே சுட்டுத் தீர்ந்த கூடுகளில் யாரோ வெடிமருந்தும் ரவையும் (சிறு ஈயக் குண்டுகள்) திரும்ப அடைத்தவை என்று பிறகு தெரியவந்தது. ஒரு குழலில், மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் தக்கை சிக்கி நின்றுவிட்டது. யாருக்கும் காயமில்லை. கொடுத்த பணம் இன்றுவரை திரும்பவில்லை, ஆனால் நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் பணத்தைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை.

துப்பாக்கி என் மாமாவின் பெயரில் இருக்கிறது. இஷாப்பூர் ஆலையில் செய்த இரட்டைக் குழல் துப்பாக்கி. நாகலூர்ப் பக்கம் அவருக்குள்ள தோட்டத்தில் காப்பியும் மிளகும், ஓரங்களில் வாழையும் உண்டு. பன்றிக் கூட்டம் இறங்கினால் வானை நோக்கி ஒரு வெடி வைத்து விரட்டுவதற்கு மேல் அந்தத் துப்பாக்கிக்கு வேலை இல்லை. உரிமம் புதுப்பிப்பது, தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது, முடிந்தபின் மீட்பது முதலிய எழுத்து வேலைகளை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அப்படி ஒருமுறை மீட்டு வந்தபோது, வீட்டிலிருந்த பழைய தோட்டாக்களில் பல மலையின் ஈரத்தால் பித்தளை பச்சை பூத்துக் கெட்டிருந்தன. வழக்கமாக வாங்கும் கடையில் எங்களுக்கு வேண்டிய ரகம் அப்போது இருப்பில் இல்லை. அந்த நேரத்தில்தான், தெரிந்த ஒருவர் மூலமாக, சேலத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் தம்மிடம் மீதமிருக்கும் தோட்டாக்களைத் தர விரும்புவதாகச் செய்தி வந்தது. வயதாகிவிட்டது, உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், பெட்டி பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது என்றார். விலை, கடை விலையில் முக்கால் பங்கு.

இத்தகைய விற்பனையே சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுவதும் சரியல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காக முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியையோ தோட்டாக்களையோ, அவற்றை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க இடம் கொடுக்கிறது. ஆனால் விற்பவர், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்து 45 நாட்களாவது கழிந்திருக்கவும் வேண்டும். இந்தப் பெரியவர் அந்தக் கடிதத்தைக் கொடுத்து, ஒப்புகையையும் எங்களிடம் காட்டினார். காலக்கெடு முடிந்த பிறகே நாங்கள் பெட்டிகளை வாங்கினோம். மாமாவின் உரிமத்தில் அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான் வாங்கினோம்.

இவ்வளவு தாள்களும் சேர்ந்து அவருக்கு விற்க உரிமை உண்டு, எங்களுக்கு வாங்க உரிமை உண்டு என்பதை மட்டுமே காட்டுகின்றன. கூட்டுக்குள் எந்த மருந்து, எத்தனை கிராம் இருக்கிறது என்பதற்கு அவற்றில் ஒரு வரிகூடக் கிடையாது. புனே அருகே கட்கியிலுள்ள தோட்டா ஆலையின் பெட்டியில் இருந்ததால் தோட்டாவும் கட்கியில் நிரப்பியது என்று எடுத்துக்கொள்வது, நெய் டப்பாவில் இருப்பதெல்லாம் நெய் என்பது போன்றது.

பன்றிகள் வந்த இரவில் மாமா வலக்குழலைச் சுட்டார், வழக்கமான சத்தம். சற்றுப் பொறுத்து இடக்குழலைச் சுட்டபோது வெடிச் சத்தத்துக்குப் பதிலாகப் ‘புஸ்’ என்று ஒரு மூச்சுதான் கேட்டது. தோளில் உதை இல்லை. அவர் உடனே திறக்காமல், குழலை ஆளில்லாத மேட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்தபடி ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றார். மருந்து தாமதமாகப் பற்றி வெடிப்பதுண்டு என்பதால் இப்படிக் காத்திருப்பது அவருடைய பழக்கம். பிறகு திறந்து, இரண்டு கூடுகளையும் எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். வலக்குழலின் மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது. இடக்குழல் இருட்டாக இருந்தது. பின்வாயிலிருந்து எரியாத மருந்து மணல் போலக் கையில் கொட்டியது.

மருந்து குறைந்தாலோ ஈரம் பட்டிருந்தாலோ, ரவைக்கும் மருந்துக்கும் நடுவில் உள்ள தக்கையைக் குழலின் வாய்வரை தள்ளும் அழுத்தம் எழாது. தக்கை பாதியில் நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால், அந்த இடத்தில் குழல் வளையம் போல வீங்கும், அல்லது கிழியும். சுடுகிறவரின் இடக்கை குழலுக்கு அடியில்தான் இருக்கும் என்பதைத் துப்பாக்கி பிடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு போர், 70 மில்லிமீட்டர் சாதாரணத் தோட்டாவுக்குச் சர்வதேச அளவில் வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 740 பார். கார்ச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான். ரவைத் துப்பாக்கியின் குழல், ரைபிள் குழலைவிட மிகவும் மெல்லியது. இருட்டில், பன்றிகளை விரட்டும் அவசரத்தில், சத்தம் குறைந்ததைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். மாமா பொறுமைசாலி என்பதால் அன்று தப்பித்தோம்.

மறுநாள் காலை, துப்பாக்கியைச் சேலத்தில் பழுதுபார்க்கும் உரிமம் பெற்ற ஒருவரிடம் கொண்டுபோனோம். மரக்கோலால் தக்கையைத் தட்டி எடுத்து, குழலின் உள்வட்டத்தை நீளவாக்கில் அளந்து, வீக்கம் இல்லை என்று உறுதி செய்தார். மீதித் தோட்டாக்களில் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், “ஐயா, இது ஒருதரம் வெடிச்ச கூடுங்க. இன்னொன்னு குழல்ல போட்டுடாதீங்க,” என்றார்.

அவர் காட்டிய அடையாளங்களை அப்படியே தருகிறேன், ஏனென்றால் பெட்டி பிரித்த உடனே எவரும் பார்க்கக்கூடியவை அவை. பித்தளை அடிப்பாகத்தின் விளிம்பில், கூட்டை இழுத்து வெளியே தள்ளும் உறுப்பு உராய்ந்த கீறல் இருந்தது. குழலுக்குள் ஒருமுறையும் போகாத தோட்டாவில் அது இருக்கக் காரணமே இல்லை. கேப்புகள் (அடிப்பாகத்தின் நடுவில், ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) எல்லாம் ஒரே நிறத்தில் இல்லை, சில வெள்ளி நிறம், சில பித்தளை நிறம். ஒன்றிரண்டு கேப்புகள் அடிப்பாகத்தின் மட்டத்துக்கு மேல் விரலில் தட்டுப்படும்படி துருத்திக்கொண்டிருந்தன. துப்பாக்கியை மடக்கிப் பூட்டும்போதே அத்தகைய கேப்பு அழுந்தி வெடித்துவிடலாம் என்பதால், எல்லாவற்றிலும் அபாயமான அடையாளம் இதுதான் என்றார். வாய்ப்பகுதியின் மடிப்பில் பழைய மடிப்புக் கோடுகள் ஒரு பக்கமும் புதிய மடிப்பு வேறு பக்கமுமாக ஓடின. நடுவில் விழுந்த ஓட்டையை மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்.

எடை போட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு உண்டு. பட்டறையில் உலை எரியும் என்பதால் தோட்டாக்களை அங்கே கொண்டுபோகாமல் தராசை வீட்டுக்கு வரவழைத்தோம். முன்பு கடையில் வாங்கியவற்றில் நல்ல நிலையில் இருந்தவை ஒன்றுக்கொன்று ஒரு கிராம்கூட வித்தியாசப்படவில்லை. பெரியவரின் தோட்டாக்களோ நான்கு கிராம் வரை ஏறி இறங்கின. ஆனால் எடை சரியாக இருந்துவிட்டால் தோட்டாவும் சரி என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ரவை முப்பது கிராம் அளவில் இருக்கும்போது மருந்து இரண்டு கிராமுக்குள்தான் இருக்கும். மருந்தில் அரை கிராம் கூடினால் அது உயிர்போகும் வித்தியாசம், ஆனால் ரவையில் அரை கிராம் குறைந்திருந்தால் தராசு இரண்டையும் ஈடுகட்டிச் சரியான எடையையே காட்டும். வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாத பகுதி அதுதான்.

அதன்பின் எல்லாத் தோட்டாக்களையும் பெட்டியோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது பெற்றோம். அவர்கள் கேட்டுக்கொண்டபடி அதே பழுதுபார்ப்பவர் இரண்டைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில் புகையில்லா மருந்து எனப்படும் சாம்பல் நிறச் செதில் மருந்து இருந்தது, மற்றொன்றில் கந்தக வாடையடிக்கும் கரிமருந்து. ஒரே பெட்டி, ஒரே முத்திரை, உள்ளே இரண்டு வேறு மருந்துகள். புகையில்லா மருந்து கரிமருந்தைவிடப் பல மடங்கு வலுவுள்ளது. கரிமருந்துக்கு வைத்த அளவுச் சிமிழால் அதை அளந்து போட்டுவிட்டால், தக்கை சிக்குவதற்கு நேர் எதிராக, முதல் வெடியிலேயே துப்பாக்கியின் பூட்டுப் பகுதி சுடுகிறவரின் முகத்துக்கருகில் பிளந்துவிடும்.

விற்ற பெரியவரைத் தொலைபேசியில் கேட்டபோது, “தம்பி, நானும் ஒருத்தர்கிட்ட வாங்கி வச்சதுதான், எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரிடம் வாங்கினார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். இரண்டாம் முறை அழைத்தபோது அழைப்பை எடுக்கவில்லை. உரிமமில்லாமல் தோட்டா தயாரித்து விற்பதற்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. விற்பவருக்கு உரிமமோ அனுமதியோ இல்லை என்று தெரிந்தே வாங்குகிறவருக்கு 29-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தையில் கைமாற்றாக வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது பிரிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. எங்களைக் காப்பாற்றியது அந்த ஒப்புகைக் கடிதத்தின் நகல் ஒன்றுதான்.

இம்மலையில் தாத்தா காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கிகள் இன்னும் சில வீடுகளில் இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளமுடையது. 70 மில்லிமீட்டர் என்பது வாய் விரிந்த பிறகான நீளம் என்பதால், மடிப்போடு இருக்கும் தோட்டா அந்தச் சிறிய அறைக்குள்ளும் தடையின்றி நுழையும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். நல்ல கடைக்காரர் எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்டுவிட்டே தோட்டா கொடுப்பார். தனியாரிடம் அந்தக் கேள்வியை எதிர்பார்க்க முடியாது, திரும்ப நிரப்பிய கூட்டிலோ நீளமே ஒன்றுபோல் இருப்பதில்லை. எங்களுக்கு வந்தவற்றில் சில, கருகிய விளிம்பை நறுக்கியதால் குட்டையாகவே இருந்தன.

இப்போது மாமா உரிமம் பெற்ற கடையில் மட்டும், உரிமப் புத்தகத்தில் பதிவும் தொகுதி எண் எழுதிய ரசீதும் பெற்று வாங்குகிறார். வேண்டிய ரகம் இல்லையென்றால் வரும்வரை காத்திருக்கிறார், அதுவரை பன்றிகளுக்குத் தகரத்தைத் தட்டுகிறோம், பட்டாசு வெடிக்கிறோம். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வேட்டைக்கான அனுமதி அல்ல, 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் தனியாக நிற்கிறது என்பதால் இதில் எங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

சென்ற ஓராண்டில் தனியாரிடம் தோட்டா வாங்கியவர்கள் யாராவது இருந்தால், சுடுவதற்கு முன் கேப்பையும் விளிம்பையும் மடிப்பையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் வந்தால் நீங்களே பிரிக்கவோ, நெருப்பில் போடவோ, கிணற்றிலோ குழியிலோ தள்ளவோ வேண்டாம். பெட்டியோடு உங்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, விற்றவரின் விவரத்தையும் எழுத்தில் கொடுங்கள். எங்கள் புகாரின் மேல் விசாரணை இன்னும் முடியவில்லை. இதே வழியில் வந்த தோட்டாக்கள் வேறு தோட்டங்களிலும் இருந்தால், நிரப்பியவர் யார் என்று கண்டுபிடிக்கக் காவல்துறைக்கு அது உதவும்.