டைகர் பாமும் அமிர்தாஞ்சனும்: தைலக் காசில் முளைத்த பத்திரிகைகள்

சிங்கப்பூரிலிருந்து வருகிறவரின் பெட்டியைத் திறந்தால் கோடாலி தைலத்துக்குப் பக்கத்தில் ஓர் அறுகோணக் குப்பி இருக்கும், அதன்மேல் பாய்கிற புலி. நம் அலமாரியிலோ ஏற்கெனவே மஞ்சள் அமிர்தாஞ்சன். இரண்டிலும் கற்பூரமும் புதினா உப்பும் உண்டு. தலைவலிக்கு எது உசத்தி என்ற வழக்கை அவரவர் மூக்கே தீர்த்துக்கொள்ளட்டும். இவற்றை விற்றவர்களின் கதை அதைவிடச் சுவையானது.

வயதில் டைகர் பாமின் வேர் மூத்தது. 1870-களில் ரங்கூனில் மருந்துக் கடை வைத்த சீன வைத்தியர் ஆவ் சூ கின் 1908-இல் இறக்க, தொழில் மகன்கள் பூன் ஹாவ், பூன் பார் கைக்கு வந்தது. ‘ஹாவ்’ என்றால் புலி. அண்ணன் தன் பெயரையே சின்னமாக்கினார். 1926-இல் கடை சிங்கப்பூருக்குப் போனது. அமிர்தாஞ்சனுக்கு அப்பன் சொத்து ஏதுமில்லை. கிருஷ்ணா மாவட்டத்துக்காரரான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தாமே தொடங்கியது அது.

விற்ற விதத்தில்தான் ஆளின் குணம் தெரிகிறது. பூன் ஹாவ் தம் காருக்குப் புலித் தலையைப் பொருத்தினார். ஹாரன் அடித்தால் உறுமும். நாகேஸ்வர ராவோ இசைக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். என் ஓட்டு இவருக்கே. மணிக்கணக்கில் நீளும் கச்சேரியில் தலைவலிக்குப் பஞ்சமா என்ன?

தைலம் தந்த பணத்தில் இருவருமே பத்திரிகை நடத்தினார்கள். பூன் ஹாவ் 1929-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘சின் சியூ ஜிட் போ’வில் புலித் தைல விளம்பரத்துக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. நாகேஸ்வர ராவின் கணக்கு வேறு. 1908-இல் பம்பாயில் வார இதழாக வந்த ‘ஆந்திர பத்திரிகை’, 1914-இல் சென்னைக்கு வந்து நாளிதழானது. தைலத் தொழிலும் கூடவே வந்தது. தேச விடுதலையும் தெலுங்கர் உரிமையும் அதன் பேச்சு. அவர் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்கும் போனார்.

பின்கதை தலைகீழ். ஆவ் குடும்பத்தின் நிறுவனம் 1971-இல் பிரிட்டிஷ் நிதி நிறுவனமொன்றின் பிடிக்குள் போனது. ‘சின் சியூ’ என்ற பெயரில் மலேசியாவில் இன்றும் நாளிதழ் வருகிறது. அமிர்தாஞ்சனை நாகேஸ்வர ராவின் வழிவந்தவர்களே நடத்துகிறார்கள். ‘ஆந்திர பத்திரிகை’ நின்றுவிட்டது.

வீடுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். 1937-இல் பூன் ஹாவ் தம்பிக்காகச் சிங்கப்பூரில் ‘ஹாவ் பார் வில்லா’வைக் கட்டினார். அதே ஆண்டு சென்னையில் நாகேஸ்வர ராவின் ‘ஸ்ரீபாக்’ இல்லத்தில் ஆந்திரத் தலைவர்கள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஹாவ் பார் வில்லாத் தோட்டத்தில் இன்று நரகத் தண்டனைச் சிற்பங்களைப் பார்க்கக் கூட்டம் போகிறது. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சர்க்கரை குறைய நடக்கிறார்கள்.