மீட்டர் ரப்பரா, முழு வளையமா? ஹெரால்டு முன் கண்ணாடி மாற்றுகிறவர்களுக்கு

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் முன் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றால் கண்ணாடியைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கே கிடைக்கும், என்ன விலை, வளைவு பொருந்துமா என்று விசாரிப்பார்கள். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பரைக் கடைசியில், கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்வார்கள். என் வண்டியில் கண்ணாடி, ரப்பர், ரப்பரில் செருகும் பளபளப்புப் பட்டை மூன்றையும் மாற்றி, வேலூரில் ஒரு மழைக்காலத்தையும் ஒரு அக்னி நட்சத்திரத்தையும் பார்த்தாகிவிட்டது. இப்போது யார் கேட்டாலும் முதலில் ரப்பருக்குப் பணம் ஒதுக்கச் சொல்கிறேன்.

என்னுடையது இரண்டு கதவு ஹெரால்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ப் 1959இல் வெளியிட்ட கார். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதே சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி எழுப்பியதுதான். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்த வண்டிக்காரர்களுக்கும் உதவும்.

கண்ணாடி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லாமினேட்டட் வாங்குங்கள். டஃபன்ட் கண்ணாடி 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்தது. வலுவானதுதான், ஆனால் உடைந்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். வாலாஜாவிலிருந்து பள்ளிகொண்டா வரை ஜல்லி லாரிக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. லாமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் கீறல் விழும். ஆனாலும் இடத்தில் நிற்கும், வீடு வந்து சேரலாம். அந்தப் படலம் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் டேஷ்போர்டின் மரப்பூச்சுக்கும் நல்லது. புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் வைப்பர் தேய்த்த கோடுகளில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறி, இரவில் கண் கூசும். புதிதாக வாங்கும்போது மூலையில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ரப்பர். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பஸ், லாரி பாடி கட்டுகிறவர்கள் வாங்கும் மீட்டர் ரப்பர். சுருளிலிருந்து வெட்டித் தருவார்கள், மலிவு, அன்றைக்கே கிடைக்கும். இன்னொன்று, ஹெரால்டுக்கென்றே அச்செடுத்து, இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் முழு வளையம். தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்து உள்ளூர் ரப்பரைப் போலப் பல மடங்கு ஆகும், காத்திருக்கவும் வேண்டும். நான் வளையத்தைத்தான் போட்டேன். விலையைக் கேட்டதும் வேண்டாம் என்று விடாதீர்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர்.

முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்புதான் இந்த வண்டியின் பலவீனமான இடம். கண்ணாடியில் வழியும் மழைநீர் முழுவதும் அங்கேதான் வந்து நிற்கும். ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தால் போதும், நீர் உள்ளே போய்விடும். போன நீர் வெளியே வர வழியில்லை, ரப்பரே மூடிக்கொண்டிருக்கும். அங்கே துரு பிடிப்பது வெளியில் தெரியாது. பெயின்ட் கொப்புளித்த பிறகு பார்த்தால் தகரம் கையோடு வரும். அப்புறம் டிங்கர் வேலை, வெல்டிங், பட்டி, பெயின்ட் என்று இழுத்துக்கொண்டே போகும். தேங்கிய நீர் லாமினேட்டட் கண்ணாடியையும் விடாது. ஓரத்தில் படலம் விட்டு, வெள்ளையாகப் பூத்துவிடும்.

மீட்டர் ரப்பர் இந்த இடத்தில்தான் தோற்கிறது. அதில் எங்கோ ஓரிடத்தில் வெட்டி ஒட்டியாக வேண்டும், ஒட்டுப் போட வசதியான இடம் என்று பெரும்பாலும் கீழ் நடுவையே தேர்ந்தெடுக்கிறார்கள். நீர் நிற்கும் இடமும் அதுதான். இரண்டாவது, மூலை. நேராக வார்த்த ரப்பரை வளைத்துப் போடும்போது மூலையில் அது சுருங்கி, தகரத்தை விட்டு லேசாக எழும்பும். மூன்றாவது, ரப்பரில் கண்ணாடியும் தகரமும் உட்காரும் பள்ளத்தின் அளவு. ஒரு மில்லிமீட்டர் தடிமன் வித்தியாசம் இருந்தாலும் பிடிப்பு தளர்ந்துவிடும். இதெல்லாம் போகட்டும் என்றாலும் நம்மூர் வெயில் இருக்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூருக்குப் புதிதல்ல. மலிவான ரப்பர் அந்தச் சூட்டில் இறுகி வெடிக்கும். அதே வருடம் ஆகஸ்டு, செப்டம்பரில் சாயங்கால இடிமழை வரும், பின்னாலேயே ஐப்பசி மழை. வெடித்த ரப்பர் அத்தனை நீரையும் உள்ளே விடும். முழு வளையம் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் வருகிறது, வெயிலையும் ஓசோனையும் சாதாரண ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். அதன் ஒட்டு தொழிற்சாலையிலேயே போடப்பட்டிருக்கும்.

மீட்டர் ரப்பர் போடுகிறவர்கள் கசிவை அடைக்க சிலிகான் தடவுவார்கள். காடி வாசனை அடிக்கும் சிலிகானை அங்கே விடவே விடாதீர்கள். காயும்போது அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். எந்தத் தகரத்தைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதையே அது அரிக்கும். அடுத்த முறை கண்ணாடியைக் கழற்றவும் விடாது. கெட்டியாகாத பியூட்டைல் மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை போதும். தகரத்துக்கும் ரப்பருக்கும் நடுவே மெல்லிய கோடாகப் போட்டு, பிதுங்கியதை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடலாம்.

புது கார்களில் செய்வதுபோல ரப்பரே இல்லாமல் பாலியுரித்தேன் பசையால் ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஹெரால்டுக்கு அது ஆகாது. இதன் உடல் தனித்தனிப் பகுதிகளாகச் சேசிஸ் மேல் போல்ட் போட்டு நிற்பது, மேற்கூரைகூட கழற்றக்கூடியது. ஏலகிரி வளைவுகளில் ஏறும்போது உடல் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ரப்பரில் கண்ணாடி மிதந்துகொண்டிருப்பதால் அந்த அசைவு அதற்குப் போவதில்லை. பசையில் ஒட்டினால் முழு அசைவும் கண்ணாடிக்குத்தான் போகும்.

பொருத்துவது இரண்டு பேர் வேலை. முதலில் தகர விளிம்பைப் பளிச்சென்று சுரண்டி, துரு நீக்கி, பிரைமர் அடித்து, பெயின்ட் முழுக்கக் காய விடுங்கள். ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, உள்பக்க மடிப்பில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் விட்டு, இரண்டு முனையும் கீழே நடுவில் வருமாறு வையுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுத்தால் மடிப்பு விளிம்பைக் கவ்விக்கொண்டே வரும். குத்தித் தள்ளக் கூடாது, லாமினேட்டட் கண்ணாடி மூலையில் விரிசல் விட்டுவிடும். ரப்பரை முன்னதாகக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு வைத்தால் இளகி வேலைக்கு வரும். அந்த வகையில் வேலூர் வெயில் உதவிதான்.

எனக்கு வேலை செய்து கொடுத்த கண்ணாடி பாய் சொன்ன ஒன்றை அப்படியே தருகிறேன்: "தம்பி, ரப்பரை இழுத்துப் போடாதீங்க. தள்ளித் தள்ளிப் போடுங்க. இழுத்துப் போட்டது ஒரு நாள் பின்வாங்கும்." பட்ஜெட் இல்லாமல் மீட்டர் ரப்பர்தான் போட முடியும் என்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அளவைவிடச் சற்று நீளமாக வெட்டி, நெருக்கிப் போட்டு, ஒட்டை மேல் நடுவில் வையுங்கள். வளையத்துக்கு ஈடாகாது, ஆனாலும் கீழே ஒட்டுப் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாகப் பளபளப்புப் பட்டை. என் வண்டியில் அது ரப்பரின் நடுப்பள்ளத்தில் செருகுவது. அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அந்தப் பட்டை உள்ளே போனால்தான் ரப்பர் இருபக்கமும் விரிந்து கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும். நான் குரோம் பூச்சுப் பிளாஸ்டிக் பட்டை போட்டேன்; மூலையில் தானாக வளைகிறது, செருகும் கருவி இருந்தால் ஒரே மூச்சில் முடிகிறது. வெயிலில் அதன் பூச்சு மங்கும், சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும். மலிவான பாகம்தான், கண்ணாடியைக் கழற்றாமலே மாற்றலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை நீண்ட நாள் நிற்கும் என்று சொல்கிறார்கள். நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை, அதனால் பரிந்துரைக்க மாட்டேன்.

நாலு கதவு ஹெரால்டிலும் நான் கைவைத்ததில்லை. அந்த வண்டிக்கு ரப்பர் வரவழைப்பவர்கள் பழைய ரப்பரிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதன் குறுக்குவெட்டைத் தாளில் வரைந்து, அளவோடு விற்பவருக்கு அனுப்பி ஒப்பிட்ட பிறகு பணம் கட்டுங்கள்.