மெஷினை மாட்டிவிட்டுப் போகும் பிசியோதெரபி: முட்டி மடங்காதவர்கள் உஷார்

முட்டியில் தசைநார் கிழிந்து, கட்டுப் பிரித்தபோது என் கால் மடங்கவும் இல்லை, முழுசாக நீளவும் இல்லை. எலும்பு மருத்துவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். நான் போன மையத்தில் முதல் நாளே மொத்தப் பணத்தையும் 'பேக்கேஜ்' என்று வாங்கிக்கொண்டார்கள்.

அங்கே நடந்ததெல்லாம் இதுதான்: முட்டியைச் சுற்றி பேட் ஒட்டி, ஐஎஃப்டி எனும், லேசான மின்சாரம் பாய்ச்சி வலியைக் குறைக்கும் மெஷினை ஓடவிட்டுப் போய்விடுவார்கள். மணி அடித்தால் வந்து கழற்றுவார்கள். அப்புறம் கொஞ்சம் அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் அல்ல, ஒலி அலையால் தரும் சிகிச்சை), அவ்வளவுதான். இதெல்லாம் வலியை வேண்டுமானால் கொஞ்சம் அடக்கும். விறைத்த மூட்டு அசைத்தால்தான் இளகும். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று ஒரு நாள்கூட யாரும் அளக்கவில்லை. கேட்டால், "நல்ல முன்னேற்றம் சார்" என்பார்கள். எதை வைத்துச் சொன்னார்களோ!

நான் விடாமல் கேட்டதாலோ என்னவோ, ஒரு நாள் குப்புறப் படுக்கவைத்து, அங்கிருந்த உதவியாளர் தன் முழு எடையையும் போட்டுக் காலை மடக்கினார். கத்தினேன். "வலிச்சாத்தான் சார் சரியாகும்" என்றார். அன்று இரவே முட்டி வீங்கிவிட்டது. மூட்டுக்குள் நீர் கோத்தால் தொடையின் முன்தசை ஒழுங்காக வேலை செய்யாது. இருந்த அசைவும் குறையும். போன் செய்தால், "ஐஸ் வைங்க, நாளைக்கு வாங்க." மீதிப் பணத்தைக் கேட்டபோது பேக்கேஜில் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றார்கள். ரசீதில் அப்படி ஒரு வரியே இல்லை.

பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்ட் முதலில் கையில் எடுத்தது மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை. மடங்குவது 70 டிகிரி, நீட்டுவதில் 10 டிகிரி குறைவு என்று எழுதிக் காட்டினார். படி ஏறி இறங்கவே ஏறக்குறைய 90 தேவையாம். ஆனால் அவர் முதலில் கவனித்தது நீட்டலைத்தான். அது முழுசாக வராவிட்டால் நொண்டல் போகாது என்றார். அவர் சொல்லித் தந்த பயிற்சிகள்: சுருட்டிய துண்டின் மேல் குதிகாலை வைத்து முட்டியைத் தானாகத் தாழவிடுவது, தொடைத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவது, படுக்கையில் குதிகாலை மெல்ல இழுத்து மடக்குவது, முட்டிச் சில்லை விரலால் பக்கவாட்டிலும் மேலும் கீழும் நகர்த்துவது. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். குறைந்த இழுப்பு, அதிக நேரம், ஒரு நாளில் பல தடவை. இழுக்கும்போது வலிக்கலாம், மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: டிகிரி அளந்து எழுதித் தருவீர்களா, வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித் தருவீர்களா, பாதியில் நின்றால் மீதிப் பணம் கிடைக்குமா. கிழிவுக்கு அறுவைசிகிச்சை ஆனவர்கள், எவ்வளவு மடக்கலாம் என்று அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொண்டு போங்கள். முட்டி திடீரெனப் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பழைய மையத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் இல்லை.