வாய்தா என்ற ஒரே பதிலை நம்பியிருக்க வேண்டாம்

என் தங்கையின் கணவர் தென்மாவட்டக் குடும்பநல நீதிமன்றம் ஒன்றில் விவாகரத்து வழக்குத் தொடுத்தார். நாங்கள் வக்காலத்துக் கொடுத்த வழக்கறிஞர், கணவரின் மனுவுக்குப் பதிலான எதிருரையையே தாக்கல் செய்யாமல் விட்டதால், தங்கைக்குத் தெரியாமலே, எங்கள் தரப்பைக் கேட்காமல் வழங்கப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த வழக்கறிஞரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்மீது நாங்கள் கொடுத்த புகார் விசாரணையில் இருக்கிறது.

எப்போது கேட்டாலும், "வாய்தா போட்டிருக்கிறார்கள், நீங்கள் வர வேண்டியதில்லை" என்பதே அவருடைய பதில். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்ச மனு போடுவதாகச் சொல்லித் தனியாகப் பணம் வாங்கியதோடு, பிற்பாடு கிடைக்கப்போகும் நிரந்தர ஜீவனாம்சத்தில் தமக்கு ஒரு பங்கு வேண்டும் என்றும் பேசினார். வழக்கில் கிடைக்கும் தொகையில் விழுக்காடு கேட்பது தொழில் ஒழுக்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் பி. சுனிதா வழக்கில் சொல்லியிருப்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

கணவர் வீட்டில் இரண்டாம் திருமணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று உறவினர் சொன்ன பிறகுதான், வழக்கின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தோம். வழக்கு முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. மேல்முறையீட்டுக் காலம் கழிந்துவிட்டால் எதிர்த்தரப்பு மறுமணம் செய்துகொள்ளச் சட்டமே இடம் தருகிறது என்பதால், இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்தானது. ஜீவனாம்ச மனுவோ, குறை நிவர்த்திக்காகத் திருப்பப்பட்டு, மறுபடி தாக்கல் செய்யப்படாமல், எண்ணே பெறாமல் கிடந்தது. ஜீவனாம்சம் மனுத் தாக்கலான நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது; முறையாகத் தாக்கலாகாத மனுவுக்கு அந்த நாள் ஏது? பள்ளிக்குப் போகும் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வேறு வழக்கறிஞரை அமர்த்தப் போனபோது, பாக்கிக் கட்டணத்தைத் தராமல் வழக்குக் கட்டைத் தர முடியாது, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்தும் போட முடியாது என்றார் பழையவர். கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமையே இல்லை என்று 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டாலும் நீதிமன்ற அனுமதியோடு வக்காலத்தை மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஆவணங்களுக்கு நகல் மனுப் போட்டோம்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவை 30 நாட்களுக்குள் போட வேண்டும். அது கடந்துவிட்டதால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்ந்தது. வழக்கறிஞரின் தவறுக்கு ஒன்றும் அறியாத கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 1993-இல் சலில் தத்தா வழக்கில், அது எல்லோருக்கும் பொருந்தும் பொது விதியல்ல என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே, கட்சிக்காரர் தம் வழக்கில் அக்கறையோடு இருந்தார் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். அந்த வழக்கறிஞர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும், பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகளுமே எங்களைக் காப்பாற்றின. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்ப்பு நீக்கப்பட்டது. தவறு செய்தவர் வேறொருவர், செலவுத்தொகை கட்டியது நாங்கள் என்பது இன்னும் உறுத்துகிறது.

குடும்பநல நீதிமன்றம் வழக்கைச் சரிசெய்யுமே தவிர, இத்தகைய தொழில் ஒழுக்கக்கேட்டுக்காக வழக்கறிஞரைத் தண்டிக்காது. அதற்கு வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன் 35-ஆம் பிரிவின்கீழ், வழக்கறிஞர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான மாநில பார் கவுன்சிலில்தான் புகார் செய்ய வேண்டும். கண்டிப்பது, சில காலம் தொழில் செய்யத் தடை விதிப்பது, பெயரையே பட்டியலிலிருந்து நீக்குவது வரை அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. இழப்பீடு வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தனி வழக்குத்தான்.

இன்று வழக்கில் இருப்பவர்கள், ஜீவனாம்ச மனுவின் எண்ணைக் கேட்டு வாங்கி, செயலியில் நீங்களே அடுத்த வாய்தாத் தேதியைப் பாருங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதற்கான தொலைபேசி எண் 15100. தங்கையின் ஜீவனாம்ச மனு இப்போது எண்ணிடப்பட்டு, இரு தரப்பும் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யும் கட்டத்தில் இருக்கிறது. பார் கவுன்சில் புகார் ஓராண்டுக்குள் முடியாவிட்டால் சட்டப்படி அது டெல்லியிலுள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றப்படும். எங்கள் புகாருக்கு அந்தக் கெடு இன்னும் முடியவில்லை.