பத்து நிமிடத்தில் ஹோர்ஃபோர்டு தெரிய மாட்டார்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் கட்டணச் சேவை, லீக் பாஸ். அதற்கு நான் பணம் கட்டுவது இது மூன்றாவது சீசன். படம் தெளிவாக வருகிறதா, எந்த டிவியில் ஓடும் என்றெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் கட்டியதே மைத்துனனோடு ஓயாமல் நடக்கும் ஒரு சண்டைக்காகத்தான். நாற்பதைத் தொடும் ஃபார்வர்டுகள் (பெரும்பாலும் கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமானவர்கள்) டிஃபென்ஸில், அதாவது எதிரணியைத் தடுப்பதில், இன்னும் தேறுவார்களா? அவன் லெப்ரான் ஜேம்ஸ் கட்சி. நான் அல் ஹோர்ஃபோர்டு கட்சி.

லீக் பாஸில் ஓர் ஆட்டத்தை முழுதாகவும் பார்க்கலாம், பத்து நிமிடத்துக்குச் சுருக்கியும் பார்க்கலாம். முதல் சில மாதம் ஆபீஸ் பஸ்ஸில் சுருக்கத்தை மட்டுமே பார்த்தேன். அதுதான் தப்பு. சுருக்கத்தில் பெரும்பாலும் கூடையில் விழுந்த பந்துகள்தான் இருக்கும். நல்ல டிஃபென்ஸ் என்றால் எதிராளிக்கு ஒன்றும் நடக்காமல் போவது. நடக்காததை யார் வெட்டி ஒட்டிக் காட்டுவார்கள்?

2024 மே மாதம் இண்டியானாவோடு பாஸ்டன் ஆடிய கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம் நல்ல உதாரணம். 18 புள்ளி பின்னால் இருந்த பாஸ்டன் 114-111 என்று ஜெயித்தது. அப்போது பாஸ்டனில் ஆடிய ஹோர்ஃபோர்டுக்கு 37 வயது. ஏழு த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை), மொத்தம் 23 புள்ளி. சுருக்கத்தில் கிடைப்பது இவ்வளவுதான். முழு ஆட்டத்தில் அவரை மட்டும் கவனித்தால் வேறு ஆள். பந்தை நடத்தி வரும் எதிரணி கார்டு, ஸ்கிரீனாக வழிமறித்து நிற்கும் தன் அணிக்காரனைச் சுற்றி ஓடி வரும்போது இவர் பாய்வதில்லை. சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்குவார். ஒரு கை மேலே, இன்னொரு கை பாஸ் போகிற வழியில். வாய் ஓயாமல் சக ஆட்டக்காரர்களை விரட்டிக்கொண்டே இருக்கும். கார்டுக்கு வழி கிடைக்காது, பந்தை வெளியே தள்ளிவிடுவான். பிளாக் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது) இல்லை, ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இல்லை, கணக்கில் ஒன்றுமே ஏறாது. கல்லூரியில் நானும் ஃபார்வர்டுதான். இப்படிப் பின்னால் நகர்வது முட்டியை எப்படித் தின்னும் என்று எனக்குத் தெரியும். (எனக்கு இப்போது மாடிப்படி இறங்கவே கைப்பிடி வேண்டும்.)

மைத்துனன் இதையெல்லாம் கேட்க மாட்டான். உடனே 2016 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தைப் போடுவான். 89-89, இரண்டு நிமிடம்கூட மீதியில்லை, பின்னாலிருந்து பறந்து வந்து எதிரணி இகுவோடாலாவின் பந்தை லெப்ரான் கூடைப் பலகையோடு அறைந்தது. "இதுக்கு மேல என்ன மாமா வேணும்?"

"அப்போ அவருக்கு 31 வயசுடா."

சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் என்று லீக் அறிவிக்கும் முதல் அணியில் லெப்ரான் ஐந்து முறை இடம்பிடித்தவர், 2009 முதல் 2013 வரை தொடர்ச்சியாக. 2014-இல் இரண்டாம் அணி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சாதாரண சீசன் ஆட்டங்களை முழுதாகப் பார்த்தால் காரணம் புரியும். மூலையில் நிற்கும் ஷூட்டரை நோக்கி ஓட வேண்டிய இடத்தில் பல நேரம் கையை மட்டும் தூக்குவார். மூச்சைச் சேமிக்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் எதிரணி என்ன செய்யப்போகிறது என்று அவர் கை நீட்டிக் காட்டும் பக்கமே பந்து போவதையும் பார்த்தேன். மைத்துனனிடம் இதைச் சொல்லவில்லை.

இன்னொரு ஃபார்வர்டு டிரேமண்ட் கிரீனையும் சேர்த்துப் பாருங்கள். உயரம் 198 சென்டிமீட்டர்தான். 2025-இல், 35 வயதில், தடுப்பாட்ட முதல் அணியில் வந்தார். கால் வேகம் குறைந்தாலும் கண் கூர்மை குறையவில்லை.

இதற்கெல்லாம் லீக் பாஸ் போதுமா என்றால், முக்கால்வாசி போதும். எந்த ஒளிபரப்பானாலும் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத பக்கம் கிழவர் செய்யும் நல்ல வேலை பாதி திரைக்கு வெளியே போய்விடும். பின்னால் ஓட்டி ஓட்டித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, வயதானவர்களை நம்பி அலாரம் வைக்காதீர்கள். அடுத்தடுத்த நாள் இரண்டு ஆட்டம் வந்தால் ஒன்றில் உட்காரவைத்துவிடுவார்கள். அணிகள் முன்கூட்டியே வெளியிடும் காயப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். குளிர்காலத்தில் பாஸ்டன் ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணிக்கு வந்தது, காபியோடு சரியாக இருந்தது. 2025-இல் ஹோர்ஃபோர்டு சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போய் அங்கிருந்த கிரீனோடு சேர்ந்துவிட்டார். இருவரையும் ஒரே ஆட்டத்தில் பார்க்கலாம் என்று சந்தோஷப்பட்டால், சான் பிரான்சிஸ்கோ ஆட்டம் இங்கே காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. நான் ஹெல்மெட் மாட்டும் நேரம்.

ஸ்கோரை மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டு இரவு பார்க்கிறேன். வாரம் ஒரு முழு ஆட்டமாவது உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் கட்டலாம். சுருக்கம் மட்டும் போதும் என்பவர் காசைச் சேமியுங்கள், யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது.