சுவரை ஒட்டிய இரண்டடி: வாசச் செடியா, ஜல்லியா, மூடாக்கா, சிமென்ட் தளமா?

பூச்சி வராமலிருக்க எந்தச் செடி வைக்கலாம் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. ஆனால் கரையானும் எலியும் எறும்பும் பெரும்பாலும் தரைவழியாகத்தான் வருகின்றன. வீட்டுக்குள் நுழையுமுன் சுவரை ஒட்டிய இரண்டடி மண்ணைத் தாண்டியாக வேண்டும். அங்கே ஈரமும் மறைவும் கிடைத்தால் பக்கத்தில் எந்த வாசம் வீசினாலும் அவற்றுக்குக் கவலையில்லை. எனவே அந்த இரண்டடியில் எதைப் போடுவது என்பதுதான் கேள்வி.

வாசச் செடிகள்

எலுமிச்சைப் புல், சிட்ரோனெல்லா, துளசி எல்லாவற்றிலும் எண்ணெய் இருப்பது உண்மை. அது இலைக்குள் இருக்கிறது. கசக்கினால்தான் நன்றாக வெளிவரும். சும்மா நிற்கும் செடியிலிருந்து காற்றில் கலப்பது சொற்பம். கொசுவோ நாம் விடும் கார்பன் டை ஆக்சைடையும் உடம்புச் சூட்டையும் பிடித்துக்கொண்டு வருகிறது. கொசு விரட்டும் என்று சொல்லி விற்கிற ஜெரேனியம் வகையும் சோதனைகளில் தேறவில்லை. பகலில் கொசு ஒதுங்குவது நிழலான, காற்றோட்டமில்லாத இலையடர்த்தியில். ஜன்னலடியில் செடிகளை நெருக்கி வைத்தால், விரட்ட வைத்தது விடுதியாகிவிடும்.

எலுமிச்சைப் புல்லில் இன்னொரு தொல்லை: மூன்று நான்கு அடிக்குப் புதராகும், உள்ளே காய்ந்த தாள் சேரும், எலிக்கு அது கூடு கட்டத் தோதான இடம். ஆசைப்பட்டால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நட்டு, அவ்வப்போது ஒரு சாண் உயரம் விட்டு வெட்டிவிடுங்கள். துலுக்க சாமந்தியின் வேர், மண்ணில் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவை அடக்கும். அதுவும் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்த்தால். வீட்டுக்குள் வரும் பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜல்லிப் பட்டை

நான்கில் எங்கள் ஓட்டு இதற்கே, சரியாகப் போட்டால். எலி வளை தோண்டாமலிருக்க மூன்று அளவுகள் முக்கியம்: கல் ஓர் அங்குலத்துக்குக் குறையக்கூடாது, பட்டை இரண்டடி அகலம், ஆறங்குல ஆழம். தோண்டத் தோண்டக் கல் சரிந்து குழியை மூடிவிடும். கணக்கு எளிது: சுவரின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஒரு கன அடி ஜல்லி. நாற்பதடிச் சுவருக்கு நாற்பது கன அடி.

முதலில் மண்ணை வெட்டி, வேர், மரத்துண்டு, கட்டுமானக் கழிவு எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். புதைந்த பலகைத் துண்டே கரையானுக்குத் தொடக்கம். பிறகு குழியின் அடியைச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரித்துக் கெட்டிக்க வேண்டும். இரண்டடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் சரிவு போதும். அதற்கப்பாலும் நிலம், பத்தடிக்கு ஆறங்குலம் என்ற கணக்கில் இறங்கிப் போக வேண்டும். கெட்டித்த குழியின் அடியில் தண்ணீர் இறங்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, வெளி ஓரத்தில் தடுப்புக் கல், பிறகு ஜல்லி.

பெரும்பாலும் கெடுவது சரிவில்தான். களிமண்ணில் சமமாக வெட்டிய குழி, ஜல்லிக்கு அடியில் ஒளிந்திருக்கும் தொட்டி. மேலே கல் காய்ந்து பளிச்சென்று தெரியும், அடியில் மழைநீர் அஸ்திவாரத்தை ஊறவைத்துக்கொண்டிருக்கும். களிமண்ணாக இருந்தால் தாழ்ந்த முனையில் தண்ணீர் வெளியேற வழி வைக்காமல் ஜல்லியைக் கொட்டாதீர்கள். துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரிப்பதும் அதே கதிதான்: அடியிலுள்ள ஈரம் ஆவியாகாமல் சுவர்ப்பக்கம் ஏறும்.

இது கரையானைத் தடுக்காது. ஒன்றரை இன்ச் ஜல்லியின் இடுக்கில் கரையான் தாராளமாகப் புகும். கரையானுக்கென்று போடும் கல்தடுப்பு வேறு. சுமார் 2 மில்லிமீட்டர் அளவில் சலித்து இறுக்கிய துகள் அது. கவ்வி நகர்த்த முடியாத பருமன், நுழைய முடியாத இடுக்கு. சாதாரண ஜல்லியால் கிடைப்பது வேறொரு லாபம்: செடி மறைக்காத சுவரின் அடிப்பாகம் கண்ணில் படும். பென்சில் தடிமனில் மண்குழாய் ஒன்று மேலேறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதில் ஒரு சிறு பகுதியை உடைத்துவிட்டு ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி பூசியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. பூசாவிட்டால் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், வேறு வழி போட்டிருக்கலாம்.

சில வருடத்தில் சருகும் தூசும் ஜல்லி இடுக்கை நிரப்பி மண்ணாகிவிடும், களை முளைக்கும், எறும்பு குடியேறும். சருகை வாரம் ஒருமுறை வாரினால் அது தள்ளிப்போகும். முற்றிலும் அடைத்துவிட்டால் ஜல்லியை அள்ளிச் சலித்துத் திரும்பப் போடுவதைத் தவிர வழியில்லை.

மூடாக்கு

மண்ணை மூடப் பரப்பும் மரச்சீவல், மரப்பட்டை, காய்ந்த இலை எல்லாம் தோட்டத்துக்கு நல்லது, சுவரோரத்துக்கு ஆகாது. கரையானைக் கட்டிக்காப்பது மரத்தைவிட அதன் அடியிலிருக்கும் ஈரமும் இருட்டும். மரவட்டை, பூரான், கரப்பானுக்கும் அதுவே வேண்டும். வாசமுள்ள மரத்தின் சீவல் என்றாலும் எண்ணெய் பறந்தபின் அது வெறும் மரம். போடுவதானால் சுவரிலிருந்து ஓரடியாவது விட்டு, மூன்று அங்குலத்துக்கு மேற்படாமல். சுவரை ஒட்டிய மண்மட்டம் வீட்டுத் தரைமட்டத்துக்கு ஆறங்குலமாவது கீழே இருக்கட்டும்.

சிமென்ட் தளம்

கூரைத் தண்ணீர் நேராகக் கொட்டும் பக்கத்தில் ஜல்லியைவிட இதுவே மேல். குறை, தளமும் சுவரும் சேரும் கோட்டில் இருக்கிறது. தளம் கொஞ்சம் இறங்கினாலும் அங்கே விரிசல் விடும். 6 மில்லிமீட்டர் இடைவெளி சுண்டெலிக்குப் போதும், கரையானுக்கோ அது கண்ணில் படாத பாதை. கலவை வைத்து அடைத்தால் மறுபடி வெடிக்கும், இழுபடும் சீலன்ட் பசைதான் நிற்கும். வெளி விளிம்பை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கிக் கட்டாவிட்டால் எலி அடியில் குடைந்துவிடும்.

எதைப் போட்டாலும் கிளை கூரையிலிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டும், எலி தாவும். ஜன்னலில் உரசும் செம்பருத்திக் கிளையில் மாவுப்பூச்சி பிடித்தால், அதன் இனிப்புக் கழிவுக்கு வரும் எறும்பு அப்படியே உள்ளே வந்துவிடும்.

பூந்தொட்டிக்கு அடியிலுள்ள தட்டையும் மறக்க வேண்டாம். வெயில் காலத்தில் கொசுமுட்டை பறக்கும் கொசுவாகப் பத்து நாள் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈர ஓரத்தில் ஒட்டிவைக்கும், அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டை அப்படியே திரும்ப வைத்தால் அடுத்த முறை நனையும்போது பொரியும். ஓரத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.